வாத்தும் மொசைக்கும் நானும்

அந்த வாத்தை ஒழித்துக்கட்டியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு செய்தேன்.

உயிருள்ள வாத்து அல்ல. பீங்கான் வாத்து. ஒரு முழ உயரம், ரத்தச் சிவப்பு, மூக்கு மட்டும் மஞ்சள். ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டில் காற்று வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்று. அதன் அடியில் வாத்து உட்கார்ந்திருக்கிறது. நான் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறேன். வாத்துக்கு எதற்குக் காற்று? இதை மனைவியிடம் கேட்டதில்லை. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அவளுக்கு அழுகை வரும். எனக்குச் சாப்பாடு வராது.

நேராக மோதினால் என் தலைதான் உடையும். ஆகவே கலை வழியாகப் போனேன்.

"நான் மொசைக் பண்ணப்போறேன்" என்றேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "மோசமா ஏதோ பண்ணப்போறீங்கன்னு உங்க மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன்."

"மோசம் இல்ல, மொசைக்! உடைஞ்ச பீங்கான் துண்டெல்லாம் சேத்து ஒட்டற வேலை. நம்ம பழைய முக்காலி இருக்கே, அதுமேல ஒரு பூ."

"பூவா? ஆணி அடிக்கறேன்னு சுவத்துல ஓட்டை போட்டு, பக்கத்து வீட்டுக்காரரப் பாத்து வணக்கம் சொன்னவராச்சே நீங்க!"

இருந்தாலும் எழுந்துபோய்க் கீறல் விட்ட சாஸர் இரண்டும், காது போன கோப்பை மூன்றும் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் வெள்ளை.

"பூவுக்குச் சிவப்பு வேணுமே" என்றேன்.

"சிவப்புக்கு எங்க போறது?"

கூரையைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். பிறகு தற்செயலாக ஜன்னல் பக்கம் பார்த்தேன். இந்தத் தற்செயலைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நாலு தடவை ஒத்திகை பார்த்திருந்தேன்.

"அட! வாத்து சிவப்பில்ல?"

வெங்காயம் உரிக்கும் கை நின்றது. "என் தம்பி ஆசையா வாங்கிக் குடுத்தது."

"அதனாலதாம்மா சொல்றேன். சும்மா கெடக்கற வாத்து, கலையா மாறும். கலைன்னு வந்துட்டா சொந்தம், பந்தம், ஆசைப்பட்ட பொருள் எதையும் பாக்கக் கூடாது."

"எதையுமேவா?"

"எதையுமே."

"சரி, உடைங்க. அடுத்த ஞாயித்துக்கிழம தம்பி வரான். அதுக்குள்ள முடிச்சிடுங்க."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் இவ்வளவு சுலபமாக ஜெயித்ததே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஜெயித்தவன் எங்கே சந்தேகப்படுகிறான்?

சுத்தியல் கேட்டு மாடிக்குப் போனேன். மாடியில் இருப்பவர் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. "சார், அப்படியே அடிச்சீங்கன்னா சில்லு கண்ணுல பாயும். துணில நல்லா சுத்தி, கோணிக்குள்ள போட்டு அடிங்க" என்றார். மாடிப்படியிலிருந்தே கீழே குரல் கொடுத்தேன். "ஏம்மா! வாத்தத் துணில சுத்திக் கோணில போட்டு வை!"

"சரிங்க!"

மேஸ்திரி பசை குழைப்பது, துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விடுவது என்று எல்லாம் சொல்லி முடித்து என்னை அனுப்ப அரை மணி நேரம் ஆயிற்று. இறங்கி வந்தால் பால்கனியில் மூட்டை தயார். இரண்டு போர்வை, மேலே கோணி, வாயில் கயிறு. உள்ளே இருப்பது வாத்தா பூசணிக்காயா என்று கண்டுபிடிக்க முடியாது. ஜன்னலடி காலியாக இருந்தது. பார்க்கவே குளுகுளுவென்று இருந்தது.

"கண்ண மூடிக்கிட்டு அடிங்க" என்றாள், அக்கறையாக.

வருஷத்துக்கு ஒன்றாக ஏழு அடி அடித்தேன். எட்டாவது அடி மச்சினனுக்காக. பிறகு கோணியைப் பிரித்தேன்.

உள்ளே நீலமும் வெள்ளையும். சிவப்பு மருந்துக்குக்கூட இல்லை. ஒரு துண்டில் பாதி மீசை இருந்தது. இன்னொரு துண்டிலிருந்து ஒரு கண் என்னைப் பார்த்துச் சிரித்தது. என் கண்.

தராசுகளுக்கு முத்திரை குத்தும் அலுவலகத்தில் எனக்கு வேலை. இருபது வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாததற்காக, என் படம் அச்சிட்ட நீலப் பீங்கான் ஜாடி ஒன்றை அங்கே பரிசாகக் கொடுத்தார்கள். பீரோ மேல் வைத்திருந்தேன். தினமும் துடைப்பேன். உலகத்தில் என்னைப் பாராட்டிய ஒரே பொருள் அதுதான்.

"என் ஜாடி!"

"ஆமாங்க."

"அப்ப வாத்து?"

"ஜாடி இருந்த எடத்துல பத்திரமா இருக்கு. ஆசைப்பட்ட பொருள் எதையும் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நீலப் பூ நல்லாத்தான் இருக்கும்."

உண்மையாகவே நெஞ்சு வலித்தது. ஆனால் சத்தம் போட முடியுமா? போட்டால் வாத்து விஷயம் வெளியே வரும். திருடனுக்குத் தேள் கொட்டினால் என்ன செய்வான்? மொசைக் செய்வான்.

செய்தேன். என் முகத்தைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பூவை விட்டுவிட்டு, முக்காலி நடுவில் முகத்தையே ஒட்டினேன். மூக்கு கொஞ்சம் இடதுபக்கம் போனது. மீசையில் ஒரு பாதி புருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒரு நாள் காயவிட்டு, இடைவெளிகளில் வெள்ளை சிமெண்ட் பூசி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்தேன். நானே சொல்லக் கூடாது, நன்றாகவே வந்திருந்தது. அந்த வாரம் முழுவதும் வாத்து பீரோ மேலேயே இருந்தது. என் நாற்காலி ஜன்னலடியில். காற்று வாங்கிக்கொண்டே பேப்பர் படித்தேன். ஜாடி போனாலும் இடம் கிடைத்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்தால், கதவுக்கு வெளியே கால் தடுக்கியது. என் நாற்காலி. ஜன்னலடியில் முக்காலி. முக்காலி மேல் வாத்து.

சற்று நேரத்தில் மச்சினன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அத்தான்! என் வாத்துக்கு மேடையா கட்டியிருக்கீங்க?"

"ஒரு வாரமா சாப்பாடு தூக்கம் இல்லாம செஞ்சாருடா. அவர் ஜாடியையே உடைச்சிட்டார்னா பாத்துக்கோ" என்றாள் அக்கா.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அது அவர்கள் குடும்ப வழக்கம். துடைத்துக்கொண்டு, குனிந்து, முக்காலியை உற்றுப் பார்த்தான்.

"ஆனா அத்தான், வாத்து கால்ல மிதிபட்டுக் கெடக்கறாரே, அது யாரு?"

"நான்தான்" என்றேன்.