ஸ்பூலர் வீட்டு ஏச்சு

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்து போயிருக்கின்றன. அவற்றில் வந்த மாலுமிகள் அத்தனை பேரையும் கடற்கரையில் வரிசையாக நிறுத்தினாலும் எங்கள் ஸ்பூலரைப் போல ஒரு பேர்வழி அதில் தேறமாட்டார். இது சத்தியம்.

ஞானஸ்நானத்தின்போது அவருக்கு வைத்த பெயர் பங்குச் சுவாமிக்கே மறந்துவிட்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு முழுக்கப் பழைய ஸ்பூல் டேப் ரெக்கோடர்கள். ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு நாடா ஓடுமே, அந்தக் காலத்துப் பெட்டிகள். கட்டிலுக்குக் கீழே பெட்டி, மாதா படத்துக்குப் பக்கத்தில் பெட்டி. அலுமாரிக்குள்ளும் பெட்டி புகுந்ததால் அவருடைய மனைவி ரீட்டா அக்காவின் சேலைகள் சூட்கேசில் அகதி வாழ்க்கை வாழ்ந்தன. பெட்டிகளை அவர் மரியாதையாக, பிறந்த நாட்டைச் சொல்லித்தான் அழைப்பார்: ஜேர்மன்காரர், யப்பான்காரர், ஒல்லாந்தர்.

அந்த ஒல்லாந்தரை மூதூரிலிருந்து படகில் கொண்டுவந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். திரும்பி வரும்போது கடல் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. படகுக்காரர் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி கொடுத்தார். ஸ்பூலர் தன்னுடையதைக் கழற்றிப் பெட்டிக்கு மாட்டி, வாரையும் இறுக்கிக் கட்டினார்.

"ஐயா, அது உங்களுக்குத் தந்தது!" என்று படகுக்காரர் கத்தினார்.

"எனக்கு நீந்தத் தெரியும் தம்பி. பாவம், இவருக்குத் தெரியாது."

அந்தக் காலத்தில் திருகோணமலைக் கோட்டையைப் பிடிக்கக் கப்பலேறி வந்த ஒல்லாந்தர்களைக்கூட யாரும் இவ்வளவு பக்குவமாகக் கரை சேர்த்திருக்கமாட்டார்கள்.

பெட்டிகளைச் சேர்ப்பதோடு நின்றிருந்தால் ஊர் தப்பியிருக்கும். மனிதர் ஒப்பிடுவார். வீட்டுக்கு வந்தவரைச் சுவரைப் பார்த்தபடி கதிரையில் இருத்தி, கண்ணில் துவாயைக் கட்டி, ஒரே நாடாவை ஒவ்வொரு பெட்டியிலும் மாற்றி மாற்றிப் போடுவார். "இப்ப சொல்லுங்கோ, எது திறம்?" தீர்ப்புச் சொல்லாமல் தேத்தண்ணி கிடையாது. மின்சார மீற்றர் பார்க்க வந்தவர் ஒருமுறை அகப்பட்டார். அதற்குப் பிறகு அவர் மதிலுக்கு மேலால் எட்டித்தான் மீற்றர் பார்த்தார்.

மற்றவர்கள் என்றால் இதற்கு ஒரு பாட்டைப் போடுவார்கள். ஸ்பூலர் போட்டது ரீட்டா அக்காவின் ஏச்சு. அவர் மோட்டர் ஒன்றைக் கழற்றி அக்காவின் மீன்சட்டிக்குள் எண்ணெயில் ஊறவைத்த நாளில், தற்செயலாக ஒரு பெட்டி பதிந்துகொண்டிருந்திருக்கிறது.

"உங்களுக்கு மனிசி ஒண்டு தேவையோ? மோட்டரைக் கட்டியிருக்கலாமே! என்ர மீன்சட்டிக்குள்ள என்ன கோதாரியைப் போட்டு வச்சிருக்கிறியள்?"

"சட்டி விழுற சத்தத்தில மேல் ஒலி, ஏச்சில நடு ஒலி, பின்னால கப்பல் ஊதுறதில அடி ஒலி. உலகத்தில இப்பிடி ஒரு நாடா கிடையாது தம்பி" என்பார் ஸ்பூலர். அவருடைய தீர்ப்பில் ஜேர்மன்காரர்தான் சுத்தம். யப்பான்காரரை அவர் நம்புவதேயில்லை. "அவர் பொய் சொல்லுறார். இவ இவ்வளவு அன்பா ஒரு நாளும் ஏசினதில்லை."

குசினிக்குள்ளிருந்து அசல் குரல் வரும்: "ஒருக்கா ஏசினது காணாதெண்டு பெட்டி பெட்டியாப் போட்டுக் கேக்கிறார், வெக்கங்கெட்ட மனிசன்!"

போன வருடம் ரீட்டா அக்காவுக்குத் தொண்டையில் சத்திரசிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது. குரல் இனி வராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த வீட்டைக் கடந்து போகவே எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு பின்னேரம் ஸ்பூலர் என்னைக் கூப்பிட்டார். விரலைக் காட்டினார். நுனியில் மண்ணிறத் தூள்.

"நாடாவில இருந்து உதிருது. எல்லாப் பெட்டியிலயும் போட்டுப் போட்டு நானே தேய்ச்சுப்போட்டன். இன்னும் ஒருக்காத்தான் ஓடும் போல. அதுக்குள்ள புது நாடாவில ஏத்திப்போட வேணும்."

"போனில அக்கான்ர குரல் ஒண்டும் இல்லையோ?"

"இது இருக்கேக்க போனில ஏன் எடுக்கிறது எண்டு விட்டிட்டன்."

எந்தப் பெட்டியில் ஓட விடுவது? ஊரையெல்லாம் தீர்ப்புச் சொல்ல வைத்த மனிதருக்கு அதைத் தீர்மானிக்க முடியவில்லை. கடைசியில் அக்காவிடம் திரும்பினார். "நீர் சொல்லும். எதில போட?"

அக்கா யோசிக்கவேயில்லை. யப்பான்காரரைக் காட்டினார்.

"அதில நீர் ஏசுறது கொஞ்சம் இதமா..." என்று ஸ்பூலர் தொடங்கினார். உள்ளே இருந்தது அதுதான் என்பதுபோல அக்கா தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார். ஸ்பூலர் நாடாவை அதில் மாட்டி, பதிவதற்குப் புது நாடாவை இன்னொரு பெட்டியில் போட்டார்.

ஏச்சு தொடங்கியது. சட்டி விழுந்தது. கப்பல் ஊதியது. மீன்சட்டிக்குள் என்ன என்று கேட்கிற இடத்தில் குரல் மங்கத் தொடங்கி, மெல்ல மெல்லக் காற்றாகிப் போனது. நாடா மட்டும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்பூலர் பாய்ந்து போய்ப் பெட்டியைத் திருகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அக்காவின் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. விட்ட இடத்திலிருந்து மிச்ச ஏச்சை, கையை ஆட்டி, கண்ணை உருட்டி, ஒரு சொல் விடாமல் ஏசிக்கொண்டிருந்தார். ஸ்பூலர் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டு நின்றார். முடிந்ததும் தலையைக் குனிந்து, "ஓம், பிழைதான். இனி சட்டியில கை வைக்கமாட்டன்" என்றார்.

எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் கேட்டது. அந்த மனிதரை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.