நாகபூஷண சுவாமியின் அன்னப்பட்டு

திருத்தணியை மெட்ராஸ்காரன் எடுத்துக்கொண்டான்; நகரியை ஆந்திராக்காரன் வைத்துக்கொண்டான். எல்லைக்காக அடித்துக்கொண்ட இரு தரப்பு ஜனமும் ஒற்றுமையாக நின்ற ஒரே இடம், நாகபூஷண சுவாமியின் கொட்டகை வாசல்.

மானசரோவரிலிருந்து பட்டு வந்திருக்கிறதாம். அதில் இரண்டு அன்னம், ஒரு தாமரை, ஒரு தேவலிபி எழுத்து. பிள்ளையில்லாதவள் தீர்த்தத்தில் கை நனைத்து அதன் மஞ்சள் கரையைத் தொடவேண்டும். சிவந்தால் பிள்ளை. சிவக்காவிட்டால் மலடி. பெரியாஸ்பத்திரி டாக்டர்கூட இவ்வளவு சீக்கிரம் சொல்லமாட்டார்!

சுலோசனாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மாமியார் சுந்தரம்மா சொல்லியே கூட்டிவந்தாள்: "செவக்கலன்னா தையில எத்திராஜுக்கு வேற பொண்ணு பாத்துடுவேன்." புருஷன் எத்திராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முன்னால் போனவள் தங்க வளையலைக் கழற்றி வைத்தாள். சுவாமியின் இருபக்கமும் தீர்த்தச் சொம்பு; வலப்பக்கச் சொம்பு நீண்டது. கரை குப்பென்று சிவந்தது. சுவாமி எலுமிச்சம்பழம் பிழிந்து திருஷ்டி கழித்தார். கரை மறுபடி மஞ்சள். அடுத்தவள் வரலாம்!

சுலோசனா வைத்தது வெற்றிலைபாக்கு. இடப்பக்கச் சொம்பு நீண்டது. தொட்டாள். சிவக்கவில்லை.

"கர்மம்மா," என்றார் சுவாமி.

கூட வந்திருந்த பக்கத்து வீட்டு அம்சவேணி, ரங்கூனில் சீனர் வீடுகளில் துணி வெளுத்தவள். பட்டை உற்றுப் பார்த்தாள்.

"அடப்பாவி, இது சீனாக்காரங்க தலாணி மொனையில வெச்சுத் தைக்கிற துணியாச்சே! அன்னம் இல்ல, வாத்து. ஜோடி பிரியாம இருக்கட்டும்னு புதுசா கட்டிக்கினவங்களுக்குத் தெச்சுக் குடுப்பாங்க. அந்த எழுத்துக்கு கல்யாண சந்தோசம்னு அர்த்தம். இதுல எத்தினி எண்ணெப் பிசுக்கு போக்கியிருக்கேன்!"

"அபச்சாரம்!" என்று சுவாமி எழுந்தார்.

"இரு சாமி. எத்திராஜு, அந்த வலப்பக்கச் சொம்புல கைய நனைச்சுத் தொடு."

எத்திராஜ் தொட்டான். கரை ரத்தமாகச் சிவந்தது.

"எத்திராஜுக்கு எத்தினி மாசம் சாமி?"

கொட்டகை அதிர்ந்தது. அம்சவேணி சொம்பைக் கவிழ்த்தாள். அடியில் சுண்ணாம்பு.

"கரையில மஞ்ச, சொம்புல சுண்ணாம்பு! சுந்தரம்மாக்கா, வூட்ல ஆரத்தி கரைக்கிறது நீதானே?"

வளையலைக் கழற்றி வைத்தவள் சுவாமியின் குடுமியைப் பிடித்தாள். வளையல் திரும்பியது; குடுமி கையோடு வந்தது. சுவாமி மொட்டைத் தலையோடு புத்தூர் ரோட்டில் ஓடினார்.

சுலோசனா ஆறு வருஷத்தில் முதல்முறையாக மாமியாரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அத்த, தையில பொண்ணு பாக்கறதா, உம்புள்ளைக்கு வளகாப்பு வெக்கிறதா?"

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. பாதிப்பேர் நேராகப் போனது, அடுத்த தெருவில் புதிதாக இறங்கியிருந்த கிளி ஜோசியரிடம்.

தலையணைத் துணியைக் கும்பிட்ட ஜனங்களே, தலை எதற்கு? தலையணையில் வைக்க மட்டும்தானா?