கலைச்செல்வியும் ஒரு இன்டிமேட் கனெக்‌ஷனும்

ஆங்கிலச் சொற்கள் தனித்தனியாக இருக்கும்வரை சாது. இரண்டைச் சேர்த்தால்தான் வம்பு. இதை நான் பெரம்பலூரில், பெண் பார்க்கப் போன வீட்டில், கையில் கேசரித் தட்டோடு தெரிந்துகொண்டேன்.

பெண் மலர்விழி, ஆங்கில டீச்சர். எனக்கு அரியலூரில் சிமென்ட் கடை. டீச்சருக்கு ஈடுகொடுக்க வேண்டுமே என்று செல்போனில் ஆங்கிலப் பாடம் கேட்டிருந்தேன். உறவையும் தொடர்பையும் எப்படிச் சொல்வது என்பது பாடம். க்ளோஸ் ரிலேஷன்ஷிப், ஸ்ட்ராங் லிங்க், இன்டிமேட் கனெக்‌ஷன்... (எல்லாமே நெருக்கம்தானே என்று ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டேன்.)

பெண்ணின் தாய்மாமன் ஓய்வுபெற்ற ஏட்டு. நான் உள்ளே நுழைந்ததிலிருந்தே, தேடப்படும் ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. திரையில் 'கலைச்செல்வி'. துண்டித்தேன். மறுபடி அடித்தது. மறுபடி துண்டித்தேன்.

"யாருங்க தம்பி அது? எடுத்துப் பேசுங்களேன்" என்றார் மாமா.

"கடை விஷயம்ங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"கடை விஷயத்துக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

கலைச்செல்வி சிறுவாச்சூரில் வீடு கட்டுகிற அக்கா, எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை என்று தமிழிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கதவோரம் மலர்விழி நின்றிருந்தாள். நெஞ்சை நிமிர்த்தினேன்.

"ஐ ஹேவ் ஆன் இன்டிமேட் கனெக்‌ஷன் வித் கலைச்செல்வி. மை ஃபாதர் ஆல்சோ."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மகன் பேசுகிற பெருமையில், "ஆமாங்க, ரொம்ப வருஷமா" என்று தலையாட்டினார்.

மாமா எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். (இன்டிமேட் என்ற சொல் அவருக்கு வழக்குகளில் கேட்டுப் பழக்கமாம்.) என் போனை வாங்கி, அவரே கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன் தம்பி, எத்தன தடவ கூப்புடறது? கம்பி வந்துடுச்சு, சிமென்ட் வரல. மேஸ்திரி சும்மா ஒக்காந்திருக்காரு!"

மாமா போனை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "சிமென்ட்னா சிமென்ட்தானா? இல்ல, ரெண்டு பேருக்குள்ள எதாச்சும் சங்கேதமா?"

கதவோரம் சிரிப்பு வெடித்தது.

"வுடுங்க மாமா. அவரு தொடர்புன்னு சொல்ல வந்தாரு. இங்கிலீஷ்ல அது தொடுப்பாயிடுச்சு."

கல்யாணம் நடந்தது. கலைச்செல்வி அக்கா கணவரோடு வந்தார். பந்தியில் மாமா அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, ரசம் வரும்வரை விசாரித்தார்.

இன்றும் விசேஷ வீடுகளில் மலர்விழி முந்திக்கொண்டு என்னை அறிமுகம் செய்வாள்: "எங்க வூட்டுக்காரருங்க. வேற யாரோடவும் எந்தக் கனெக்‌ஷனும் கெடையாது."

"அது இன்னும் விசாரணையில இருக்கு" என்பார் மாமா.