இரண்டு ஜெயமேரிகள்

தருமபுரம், காரைக்கால்
20.8.1985

பிரான்சு தேசத்து மார்செய்யில் வாழும் மதிப்பிற்குரிய தமக்கையார் ஜெயமேரி அவர்களுக்கு, தம்பி மரியசெல்வம் பணிவுடன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இவ்விடம் யாருக்கும் காய்ச்சல், தலைவலி இல்லை. அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. தங்கள் புதல்வன் லூர்துநாதனுக்குப் பெண் பார்த்து முடிக்கும்படி அவனை என்னிடம் அனுப்பிவைத்தீர்கள். முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்பதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

பையன் தனியாக வரவில்லை. கூடவே குஞ்சிதபாதம் என்று ஒரு சிநேகிதன். பூர்வீகம் நம்ம திருமலைராயன்பட்டினம், பாரிசில் சித்திரம் படித்தவனாம். இருவரிடமும் ஒரு வீடியோ கேமரா, ஆறு சவுரிமுடி, ஒரு பெட்டி நிறைய முகப்பூச்சு. இதெல்லாம் யாருக்கு என்று கேட்டேன். "எங்களுக்குத்தான் மாமா. ரெண்டு பேரும் பொம்பளை வேஷம் கட்டி, வீடியோவும் சேத்து நிகழ்ச்சி நடத்தறோம்"ன்னான் லூர்து. சரி, கலை என்று கொல்லைக் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தேன். அது முதல் தப்பு. மறுநாள் நூர் அகமது கடையிலேர்ந்து அஞ்சு டி.வி. வந்து இறங்குது. கிளிஞ்சல்மேட்டுலேர்ந்து ஒரு வண்டி கிழிஞ்ச வலை. வலையைக் கூரையிலேர்ந்து தொங்கவிட்டு, நடுவுல டி.வி.யை எல்லாம் அடுக்கி வச்சா, தெருசனம் என்ன நினைக்கும்? அஞ்சு படம்னு நினைக்கும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கே பாயோட வந்து உக்காந்துட்டாங்க. அதே நேரம் பாத்து, மாப்பிள்ளை வீடு பாக்க சவரிமுத்து வாத்தியார் பெண்சாதியோட வர்றார். படம் போடறாங்கன்னு கேள்விப்பட்டு, கல்யாணப் பொண்ணு ரோசலியும் கூடவே வந்துட்டா.

டி.வி. எரிஞ்சுது. அஞ்சுலயும் நீ. பதறிப்போயிட்டேன் அக்கா. நீ டிரங்குப்பெட்டியில விட்டுட்டுப் போன நீலப்புடவையைக் கட்டிகிட்டு, உன் கொண்டை, உன் நடை, பெட்டியைக் கட்டறதும் பிரிக்கிறதுமா இருக்கே. அப்புறம் பாத்தா அது லூர்து. அவனே அதே புடவையில நேர்லயும் வந்து நிக்கறான். எதிர்ல குஞ்சிதபாதமும் புடவை கட்டி நிக்கறான். விஷயம் என்னன்னா, லூர்து கப்பலேறின ஜெயமேரியாம். குஞ்சிதபாதம், ஏறாம ஊர்லயே தங்கிட்ட ஜெயமேரியாம். ரெண்டு பேருக்கும் சண்டை. போனவ, "குளிருல ஏனம் கழுவி விரல் மரத்துப்போச்சுடி"ங்கறா. இருந்தவ, "இங்க மட்டும் என்ன, தெனம் கொடுவா மீனா?"ங்கறா. சனம் சிரிக்குது. "படம் எப்பங்க போடுவீங்க?"ன்னு பின்னாலேர்ந்து ஒரு குரல். அப்பப் பாத்துக் கரண்டு போச்சு. நான்தான் பெட்ரோமாக்ஸ் ஏத்தி வச்சேன். அது ரெண்டாவது தப்பு. அந்த வெளிச்சத்துல இருந்தவ கேக்கறா: "பிரெஞ்சுப் பட்டாளத்து மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினப்ப, புடிச்சிருக்கான்னு உன்னை யாராவது கேட்டாங்களாடி?" போனவ கொஞ்சம் யோசிச்சு, "கேக்கலை. தம்பிகூட, 'நல்ல இடம்க்கா'ன்னுதான் சொன்னான்"ங்கறா. தெருவே என்னைத் திரும்பிப் பாத்துது. பெட்ரோமாக்ஸுக்குக் காத்தடிக்கிற மாதிரி குனிஞ்சுகிட்டேன்.

அப்பத்தான் ரோசலி எழுந்திரிச்சா. "என்னையும்தான் யாரும் கேக்கலைப்பா. எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம். பாண்டிச்சேரி போயி நர்சுக்குப் படிக்கிறேன்"ன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டா. இதுவும் நிகழ்ச்சிதான்னு நெனச்சு சனம் கைதட்டுது! வாத்தியார் காப்பியைக்கூடத் தொடாம பொண்ணைக் கூட்டிகிட்டுக் கிளம்பிட்டார். அவர் பெண்சாதி மட்டும் கண்ணைத் தொடைச்சுகிட்டு, "மிச்சத்தையும் பாத்துட்டு வர்றேங்க"ன்னு உக்காந்துட்டாங்க.

எல்லாரும் போனதும், லூர்துவைப் பிடிச்சு, "இவன் யாருடா உனக்கு?"ன்னேன். மை வழியற மூஞ்சியோட நின்னான். "அஞ்சு வருஷமா நாங்க ஒரே வீட்டுல ஒண்ணா வாழறோம் மாமா. எனக்குப் பொண்ணு வேண்டாம். அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை"ன்னான். "அதுக்கென்னடா, கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பி வேற வீடு பாத்துக்கட்டும்"ன்னேன். என் வீட்டுக்காரி அந்தோணியம்மா தலையில அடிச்சுகிட்டா. "நானும் நீங்களும் மாதிரிங்க அவங்க. இன்னுமா வெளங்கலை?"ன்னா. சொல்லிட்டு ரெண்டு பேருக்கும் இலை போட்டு மீன்குழம்பு ஊத்தறா. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலை.

ஆகையால் தாங்கள் இக்கடிதம் கண்டவுடன் தந்தி அடித்து, இருவரையும் திரும்ப அழைத்துக்கொள்ளவும். ஆபீசில் என்னால் தலை காட்ட முடியவில்லை. அத்தானுக்கு என் வணக்கம். இதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். தேவமாதாவும் சம்மனசுகளும் தங்களைக் காத்துவரட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
மரியசெல்வம்

பி.கு.: தந்தி வேண்டாம். இதை ஒட்டறதுக்குள்ள நாலு நாள் ஓடிட்டுது. கிளிஞ்சல்மேட்டுப் பொம்பளைங்க திரண்டு வந்து, எங்க ஊர்லயும் நடத்துங்கன்னு பிடிவாதம் பிடிக்கிறாங்க. குஞ்சிதபாதம் வலையில கால் மாட்டி விழுந்து கணுக்கால் பிசகிக் கெடக்கான். லூர்துதான் வேளாவேளைக்கு எண்ணெய் தடவி, கைத்தாங்கலா நடத்திகிட்டுப் போறான். அதைப் பாத்தப்புறம் எனக்கும் வெளங்கிடுச்சு. அன்னிக்கு நான் உன்னைக் கேட்டிருக்கணும் அக்கா. அப்ப எனக்குப் பதினெட்டு வயசு, தோணலை. வர்ற ஞாயித்துக்கிழமை குஞ்சிதபாதத்துக்குப் பதிலா, ஊர்ல இருந்த ஜெயமேரியா நான் நிக்கறேன். வசனம் மனப்பாடம். காலையில மீசையை எடுத்துட்டேன். கண்ணாடியில பாத்தா, அசப்புல நீயேதான்.