இரண்டு முறை அடிக்கும் கடிகாரம்

பிரான்ஸ் தேசத்தில் மனிதத் துணையே தேவைப்படாத ஒரே மனிதர், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி தியோதுல் கொல்னோ. இதை அவரே சொல்வார். கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

அந்த வியாழக்கிழமை கிடைத்தார், கடிகாரம் பழுதுபார்க்கும் வில்மோ.

"கீழ்வீட்டு மதாம் பெர்னூ இருக்காளே, தன் வீட்டுக் குழாயைத் தானே கழற்றிவிட்டுட்டு ஆளைக் கூப்பிடறா. பேசறதுக்கு ஆள் வேணுமாம்! முப்பது வருஷம் எல்லையில பெட்டி பிரிச்சவன் நான். கள்ளத்தனத்தை மோப்பத்துலயே பிடிச்சிடுவேன்."

"குழாயையா? அடடா!" என்றார் வில்மோ.

கடிகாரம் ஆளுயரம். உச்சியில் பித்தளைத் திராட்சைக் கொடி, கோதுமைக் கதிர், நடுவே இரண்டு புறா. பெண்டுலம் முழுக்கப் பூக்கள். அந்த வட்டாரத்துக் கடிகாரங்கள் மணியை ஒருமுறை அடித்து, இரண்டு நிமிஷம் கழித்து அதையே மறுபடி அடிக்கும். முதலாவது கொல்னோவுக்கு. இரண்டாவது, "எத்தனை அடிச்சுது?" என்று எப்போதும் கேட்கும் மனைவி லியோந்தினுக்கு. அவள் போய்ச்சேர்ந்து நாலு வருஷம். இப்போது அந்த இரண்டாவதுதான் நின்றுபோயிருந்தது.

வில்மோ சரிசெய்தார். அக்ரூட் கேக் சாப்பிட்டார், மகள் கல்யாணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், போனார். பிறகு ஆறு நாள் வாசற்படியை யாரும் மிதிக்கவில்லை.

ஏழாம் நாள் நடுப்பகலில் கடிகாரம் பத்தொன்பது அடித்தது. மதாம் பெர்னூ கரண்டியோடு மேலே வந்தாள்.

"முசியே கொல்னோ, நான் இன்னும் மதியச் சாப்பாடே சாப்பிடலை. அதுக்குள்ள பத்தொன்பது மணி அடிச்சு ராத்திரி ஏழு ஆக்கிட்டீங்களே!"

"ரிப்பேர் பண்ணின மகராசனைக் கேளுங்க!"

மகராசன் வந்தார், சரிசெய்தார், கேக் சாப்பிட்டார். மூன்றாம் வியாழன் கடிகாரம் அடியோடு நின்றது.

"போன வாரம் அடிக்கவாவது செஞ்சுது! உங்க கை பட்டாலே நோய் முத்துது. எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன், பாருங்க!"

"யார்கிட்ட, முசியே?" என்றார் வில்மோ, தலையைக் கடிகாரத்துக்குள் விட்டபடி.

கொல்னோ கேக்கைக் கொஞ்சம் பெரிதாக வெட்டினார்.

கடிகாரம் நாலு அடித்தது. இருவரும் இரண்டு நிமிஷம் காத்திருந்தார்கள். மறுபடி நாலு அடித்தது.

வாசலில் வில்மோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளங்கையை விரித்தார். மூன்று வாரமும் கடிகாரச் சக்கரங்களுக்கு நடுவிலிருந்து எடுத்த மூன்று தீக்குச்சிகள்.

"அடுத்த வியாழன் குச்சி வேண்டாம், முசியே. கேக் போதும்."