மூன்றாம் தொட்டியும் மாப்பிள்ளையின் முதல் வரியும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் தன் கையாலேயே எழுதுவது. நான் நலம், பேனாவும் நலம். நீங்களும் என் மகளும் அப்படியே இருக்க வேண்டும். எழுத்து கோணலாகத் தெரிந்தால் தாளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், நேராகிவிடும்.

உங்கள் கடிதம் ஒன்பது நாளைக்கு முன்னால் வந்தது. என் பெயர் போட்டு எனக்கென்று வந்த முதல் கடிதம். அன்று முழுக்க உறையை மட்டும் படித்தேன். மறுநாள் பிரித்து முதல் வரியைப் படித்தேன். ‘மாமா, நீங்கள் அந்த வேலையை விட வேண்டும்.’ அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளையை எதிர்த்து வாயால் பேசி எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுதியே சொல்கிறேன். விட மாட்டேன்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருடம் ஊரார் வீட்டு மாடியிலெல்லாம் ஏறித் தண்ணீர்த் தொட்டிகளில் பாசி தேய்த்தவன் நான். அப்படிப்பட்டவனைப் பாசிக்குச் சோறு போட்டு வளர்க்கிற இடத்தில் கொண்டுவந்து விட்டால் கை சும்மா இருக்குமா? இங்கே எட்டுத் தொட்டிகளில் பச்சைத் தண்ணீர் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை வடிகட்டிக் காயவைத்து எண்ணெய் எடுக்கிறார்கள், அந்த எண்ணெயைப் பக்குவம் செய்து என்ஜினுக்கு ஊற்றுகிறார்கள், மிஞ்சுகிற சக்கையை அழுத்திக் கிண்ணம் செய்கிறார்கள். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். சேர்ந்த புதிதில் தெரியாது. அப்போது பேக்கிங் பிரிவில் இருக்கும் பெண் சாப்பாட்டு வேளையில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தொட்டியில் ஒரு பலகை தொங்கியது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். ‘இந்தத் தொட்டியைக் கழுவ’ வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த சொல் ‘கூ’ என்று தொடங்கியது, எங்கள் பாடம் இன்னும் ‘கூ’ வரை வரவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பலகை என்னிடம் நேரில் வேலை சொல்லியிருக்கிறது, விடுவேனா? தண்ணீரைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டு, மதியத்துக்குள் தொட்டியைப் பீங்கான் மாதிரி ஆக்கி, டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊசி போடாத டாக்டர், பாசிக்குப் படித்தவர். பார்த்ததும் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயா, இந்தப் பலகையைப் படிச்சீங்களா?”

“படிச்சேம்மா. படிச்சதாலதான் கழுவினேன்.”

அதுதான் தாய்த் தொட்டியாம். மற்ற ஏழுக்கும் விதை அதிலிருந்துதான் போகிறதாம். ஸ்பானர் என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக், “பெருசு, எழுத்து தெரியாதப்ப நீங்க யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலையே” என்றான். ஆனால் பாசியின் குணம் எனக்குத் தெரியும், மாப்பிள்ளை. எவ்வளவு தேய்த்தாலும் வடிகுழாயின் கழுத்துக்குள் கொஞ்சம் ஒளிந்துகொள்ளும், பிரஷ் அங்கே வளையாது. நாற்பது வருடமும் என்னை ஏமாற்றிய இடம் அது. விரலை விட்டுச் சுரண்டினேன், நகத்தளவு பச்சை வந்தது. டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “உயிரோட இருக்கு. அழிச்சது நீங்க, நீங்களே வளர்த்துக் கொடுங்க” என்றார். கண்ணாடிக் குடுவையில் ஊற்றினேன். மூன்று வேளையும் குலுக்கினேன். குடுவை ஜாடியாகி, ஜாடி டிரம்மாகி, ஏழு வாரத்தில் மூன்றாம் தொட்டி மறுபடியும் பச்சை கட்டியது. என் மகள் பிறந்தபோதுகூட நான் இவ்வளவு அருகில் இருந்ததில்லை, அதை அவளிடம் சொல்லாதீர்கள்.

அந்தக் ‘கூ’ ‘கூடாது’ என்று தெரிந்த அன்றைக்கே ஒரு பாடம் கற்றேன். விஷயம் எப்போதும் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. போன மாதம் பெரிய அதிகாரிகள் பார்க்க வந்தார்கள். எங்கள் எண்ணெயில் பம்பு செட்டு பதினோரு நிமிடம் ஓடியது, எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் டீ கொடுக்கப் புதுக் கிண்ணம் தேடினேன். அலமாரியில் ஒரு பெட்டி. கற்ற பாடத்தின்படி கடைசிச் சொல்லை மட்டும் படித்தேன். ‘கிண்ணம்.’ முன்னால் இருந்தது ‘மண்ணில் கரையும்’ என்பதைப் பெரிய அதிகாரியின் மடியில் டீ இறங்கிய பிறகு, பேக்கிங் பெண் வாசித்துக் காட்டினாள். “பெரியப்பா, அது நாத்து வைக்கிற கிண்ணம். மடியில விதை இருந்தா இந்நேரம் முளைச்சிருக்கும்” என்றாள். அந்த அவமானத்தில்தான் மகளுக்குப் போன் செய்து, “வேலையிலருந்து நானே நின்னுடப் போறேன்” என்று சொன்னேன். சொன்னது உண்மை. ஆனால் அது அன்றைக்கு. மறுநாள் காலையில் மூன்றாம் தொட்டியைப் போய்ப் பார்த்தேன், ஓரமெல்லாம் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அதை யாரிடம் விட்டுவிட்டு வருவது? அடுத்த மாதம் பம்பு செட்டை ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும். டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான், “தாய்த் தொட்டி உங்க பொறுப்பு” என்றார். என் ஆயுளில் யாரும் என்னிடம் எதையும் அழுக்காக்கி வைக்கச் சொன்னதில்லை.

ஆகவே நீங்களே நேரில் வந்து கையைப் பிடித்து இழுத்தாலும் வர மாட்டேன். உங்கள் வீட்டில் எனக்கு ஒதுக்கியிருக்கும் அறையில் அரிசி மூட்டையை வைத்துக்கொள்ளுங்கள். கடுமையாக எழுதியதற்கு மன்னிக்கவும். உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராமல், பச்சைப்பசேலென்று வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்,
மூன்றாம் தொட்டிப் பொறுப்பு

பி.கு.: உறையில் எழுத உங்கள் விலாசம் வேண்டியிருந்ததால் இன்று உங்கள் கடிதத்தை மறுபடியும் வெளியே எடுத்தேன். பேக்கிங் பெண் எட்டிப் பார்த்து, “பெரியப்பா, அது வேண்டும் இல்ல, வேண்டாம்” என்றாள். டுவின் சுழி என்று நான் நினைத்தது டாவின் கால். பிறகு மீதி வரிகளையும் படித்தேன். ‘அந்தப் பச்சைத் தண்ணீரை விட்டுவிட்டு உங்களால் இருக்க முடியாது, எங்களுக்குத் தெரியும். செடி வைக்க ஒரு கிண்ணம் அனுப்புங்கள்.’ எட்டு நாள் எழுதியதைக் கிழிக்க மனசில்லை. நான் உங்களை எதிர்த்திருக்கும் இடங்களை மட்டும் தாண்டிப் படித்துக்கொள்ளுங்கள். கிண்ணம் ஆறு அனுப்பியிருக்கிறேன். அதில் டீ ஊற்ற வேண்டாம். கால் போட்டிருக்கிறேன், நன்றாகப் பார்த்துப் படியுங்கள்.