மூச்சுக்கு ஒரே ஒரு பொருளா?

பெருமதிப்பிற்குரிய அகராதி ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் உதவியாசிரியர்களும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். இவ்வளவு கனமான புத்தகத்தைத் தூக்கி வைத்து வேலை செய்கிறவர்களுக்கு உடம்பில் தெம்பு இல்லாமல் இருக்காது. நான் எழுபத்து மூன்று வயதான விதவை, கான்வென்ட்டில் படித்தவள், முப்பத்தோரு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவள். என் கணவரின் மரண அறிவிப்பைக்கூட இரண்டு காற்புள்ளிகளை நீக்கிய பிறகே அச்சுக்கு அனுப்பினேன். ஆகவே நான் சொல்லும் குறையைத் தாங்கள் இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் அகராதியின் 913ஆம் பக்கம், கடைசி வரி: 'மூச்சு: மூக்கின் வழியாக உள்ளே இழுத்து வெளியே விடும் காற்று.' அவ்வளவுதான். பக்கத்தைப் புரட்டினால் 'மூட்டை'க்குப் போய்விட்டீர்கள். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு போன வாரம் என் வீட்டில் நடந்ததை யாருக்காவது விளக்க முடியுமா என்று தாங்களே பாருங்கள்.

எனக்கு இருமல் வந்தது. இருமலைத் தொடர்ந்து மகள் வந்தாள். மூச்சுக்கு முந்நூறு தடவை "தனியா இருக்காதீங்கம்மா" என்று சொல்கிறவள் (இந்த மூச்சில் மூக்குக்கு என்ன வேலை?). நான் இருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடி நான்கு மாதமாகிறது. மகள் என்னை நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கையில் கொடுத்தார். அதில் மூன்று கூண்டுகள், கூண்டுக்கொரு பந்து, பக்கத்தில் ஒரு குழாய். "மூணு பந்தும் மேல ஏறி, மூணு எண்ணுற வரைக்கும் நிக்கணும்மா. வியாழக்கிழமை வந்து செஞ்சு காட்டுங்க. முடிஞ்சா உங்க மாடியிலயே இருங்க. இல்லைன்னா பேசாம மகள் வீட்டுக்குப் போயிடுங்க, அது தரைத்தளம்" என்றார். மகள் வீட்டில் எனக்காக வைத்திருக்கும் அறையில் மாப்பிள்ளையின் உடற்பயிற்சி சைக்கிளும் துணி காயப்போடும் கம்பியும் இருக்கின்றன. என் மேசைக்கு இடமில்லை. சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அந்த அறையை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. (கவனியுங்கள், முட்டுவது மூக்குக்கு அல்ல, நினைப்புக்கு.)

எனவே முழுமூச்சாக இறங்கினேன். முதல் வேலையாகப் பெட்டியோடு வந்த குறிப்புத் தாளைச் சிவப்புப் பேனாவால் திருத்தினேன், பதினோரு பிழைகள். பிறகு குழாயை வாயில் வைத்து ஊதினேன். பந்துகள் பதில் தெரியாத பிள்ளைகளைப் போல உட்கார்ந்திருந்தன. பள்ளியில் ஒப்புவித்தல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், ஒரு பத்தியை ஒரே மூச்சில் சொல்லி முடிக்காவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். ஆண்டுதோறும் பரிசு வாங்கியவள் நான். ஆகவே இடுப்பில் கையை ஊன்றி ஊதினேன், நின்று ஊதினேன், சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு ஊதினேன், கண்ணாடி நழுவி மூக்கு நுனிக்கு வந்தது, பந்து வரவில்லை. மகள் போனில் "ஏறுச்சாம்மா?" என்று கேட்டபோதெல்லாம் "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அது பொய்யில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புதன்கிழமை காலை என் புத்தகங்களைக் கட்ட அட்டைப்பெட்டிகூட எடுத்து வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் லிஃப்ட் மெக்கானிக் வந்தார். லிஃப்ட் இல்லாமல் ஏறி வந்ததால் என் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "மூச்சு வாங்குதும்மா, ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றார். குடித்துவிட்டு, "உள்ள ரொம்ப நேரமா எதை ஊதி அணைக்கிறீங்க?" என்று கேட்டார். பெட்டியைக் காட்டினேன்.

"அய்யோ, இதை ஊதக்கூடாதும்மா. உறிஞ்சணும். எங்கப்பாவுக்கும் குடுத்தாங்களே."

"தாளில் அப்படி எதுவும் இல்லை" என்றேன்.

தாளை வாங்கி விரலை வைத்துப் படித்தார். "நாலாவது வரி. 'குழாயை வாயில் வைத்து, காற்றை உள்ளே உறிஞ்சவும், ஊத வேண்டாம்.' பக்கத்துல சிவப்புல டிக் வேற போட்டிருக்காங்க. யாரோ நல்லாப் படிச்சிருக்காங்கம்மா."

அந்தத் தாளிலேயே பிழையில்லாத ஒரே வரி அது. அதனால்தான் டிக் போட்டேன். ஐயா, ப்ரூஃப் பார்க்கிறவர்கள் எழுத்தைத்தான் பார்ப்போம். எழுத்து என்ன சொல்கிறது என்று பார்ப்பது ஆசிரியர் வேலை. நான் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். மூன்று பந்துகளும் உத்தரவு வந்ததுபோல எழுந்து கூரையில் ஒட்டிக்கொண்டன. "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்கிய மெக்கானிக் ஒன்பதில், "போதும்மா, இறக்குங்க, எனக்குத்தான் பயமா இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை டாக்டர் முன்னிலையில் பதினொன்று வரை நிறுத்தினேன். மகள் விட்டாளே ஒரு பெருமூச்சு, அது நிம்மதியா ஏமாற்றமா என்று கண்டுபிடிக்கத் தங்கள் அகராதி எனக்கு உதவவில்லை. அன்று சாயங்காலமே லிஃப்டும் ஓடத் தொடங்கிவிட்டது. நான் படியில்தான் ஏறுகிறேன்.

ஆகவே, அடுத்த பதிப்பிலாவது இந்தச் சொல்லுக்கு உரிய இடத்தைக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு வேலையை எடுத்தால் முழுதாகப் பார்த்து முடிக்க வேண்டும் என்பது என் கொள்கை. தங்களுக்கும் தங்கள் குழுவினருக்கும் என் ஆசிகள். எல்லோரும் கண்பார்வை குறையாமல் நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
மூன்றாம் மாடியிலேயே வசிக்கும்
தங்கள் வாசகி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் பக்க எண்களை ஒருமுறை சரிபார்த்தேன். 913க்கு அடுத்து 916 வருகிறது. நடுவில் இருக்கும் இரண்டு பக்கங்களையும் என் இருமல் மருந்து ஒட்டி வைத்திருக்கிறது. ஆவியில் காட்டிப் பிரித்தேன். 'மூச்சு' தொடர்கிறது, பதினேழு பொருள்கள், எல்லாம் உதாரணத்தோடு. பிழையே இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டேன். அவற்றில் ஒன்பதாவதாகக் கொடுத்திருக்கும் பொருளில் தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: என் மகளிடம் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம்.